கடைசி அறை இல்லாத விடுதி

டியூஷன் வகுப்பில் பிள்ளைகள் கொட்டாவி விட ஆரம்பித்தால் நான் அந்த விடுதிக் கதையை எடுப்பேன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நகைக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் டியூஷன் சென்டர். பக்கத்தில் பூக்கடை. மத்தியானமானால் மல்லிகையும் சாக்கடையும் கலந்து ஒரு வாசனை மாடிக்கு ஏறி வரும். அந்த வாசனையில் யாருக்கும் கணக்கு ஏறாது. கதை ஏறும்.

கதை இதுதான். ஒரு தங்கும் விடுதி. அறைகளுக்கு முடிவே கிடையாது. ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லா அறையிலும் ஆள் இருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து வாசலில் ஒருவர் பெட்டியோடு வந்து நிற்கிறார். மேலாளர் அசரவில்லை. ஒன்றாம் அறைக்காரரை இரண்டுக்குப் போகச் சொல்கிறார், இரண்டில் இருப்பவரை மூன்றுக்கு, மூன்றில் இருப்பவரை நான்குக்கு. எல்லாரும் ஒரே சமயத்தில் ஓர் அறை தள்ளிக்கொள்கிறார்கள். ஒன்றாம் அறை காலியாகிவிடுகிறது. விடுதி நிறைந்தும் இருக்கிறது, புதியவருக்கு இடமும் கிடைத்துவிட்டது. முடிவிலி என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு உறைக்கவைக்க எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல கதை இல்லை.

கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், லாஸ்ட் ரூம்ல இருக்கறவங்க எங்க போவாங்க?"

"லாஸ்ட் ரூமே கிடையாதும்மா. அதான் கதை."

"அப்ப கன்ஃபர்ம் இது சிங்கப்பூர் இல்ல லா."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் கடைசி அறை உண்டு. அதில் என் அப்பா படுத்திருந்தார்.

அப்பா பஸ் ஓட்டியவர். குவீன்ஸ்டவுன் வழியாகப் போகும் ஒரு தடத்தில்தான் அவருடைய உத்தியோகத்தின் பெரும்பகுதி கழிந்தது. காலையில் ஜனங்கள் வேலைக்குப் போகிற நேரத்தில் அவர் வண்டியில் மூச்சுவிட இடம் இருக்காது. அப்படியும் நிறுத்தத்தில் ஒருவர் கையைக் காட்டினால் நிறுத்திவிடுவார். "பெலாக்காங், பெலாக்காங்" என்று மலாயில் எல்லாரையும் பின்னால் விரட்டுவார். தமிழ் முகம் தென்பட்டால், "கொஞ்சம் தள்ளிக்குங்க, இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கு" என்பார். வண்டி நிறைந்துவிட்டது என்று கையை ஆட்டிவிட்டுப் போகும் ஓட்டுநர்களை அவருக்கு அறவே பிடிக்காது. மழையில் ஓர் ஆளை நிற்கவைத்துவிட்டுப் போகிறவனுக்குச் சோறு எப்படி இறங்குகிறது என்று வீட்டுக்கு வந்து பொருமுவார். பள்ளிக்கூடச் சீருடையில் அந்த வண்டியில் யாருடைய அக்குளுக்கோ கீழே நசுங்கி நின்ற எனக்கு, என் அப்பாவின் பெருந்தன்மையைப் பற்றி வேறு அபிப்பிராயம் இருந்தது.

அம்மா போன பிறகு அப்பா தன் பழைய வீட்டை விற்று, வந்ததை என் தம்பியின் புது வீட்டில் போட்டார். அதே குவீன்ஸ்டவுனில், ஆனால் வானத்தை முட்டும் புதுக் கட்டடம். பெயர் ஐந்தறை வீடு. ஹாலையும் சாப்பாட்டு மேசை போடும் இடத்தையும் அறைக் கணக்கில் சேர்ப்பது இந்த ஊர் வழக்கம். நிஜத்தில் படுக்கையறை மூன்றுதான். குளியலறை சேர்ந்த பெரிய அறை அப்பாவுக்கு, நடு அறை தம்பிக்கு. சின்ன அறை சும்மா கிடந்தது. என் கல்யாணம் கோர்ட்டில் விவாகரத்தாகி முடிந்ததும் நான் என் பெட்டியோடு வந்து அதில் ஏறிக்கொண்டேன். தம்பி கொஞ்சம் இழுத்தான். அப்பாதான், "ஒரு ஆளுக்கு இடம் இல்லாமலா போயிடும்?" என்று முடித்துவைத்தார். அந்த ஒரு வாக்கியத்தால் நான் பிழைத்தேன், அதே வாக்கியத்தால் அவர் கெட்டார்.

வீட்டில் இன்னோர் அறையும் உண்டு. இந்த ஊர்ப் புது வீடுகளில் ஷெல்டர் என்று ஒன்று கட்டிக்கொடுக்கிறார்கள். குண்டு போட்டால் ஒளிந்துகொள்வதற்கு. தடித்த கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. குண்டு எதுவும் விழாததால் எல்லாரும் அதில் அரிசியும் சூட்கேசும் பழைய மின்விசிறியும் போட்டுவைத்திருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் தொடங்கியது.

தம்பிக்குக் கல்யாணம் ஆயிற்று. திருச்சிப் பெண், கெட்டிக்காரி, இங்கே வங்கியில் வேலை. புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்குக் குளியலறை சேர்ந்த அறை வேண்டாமா? யாரும் கேட்பதற்கு முன்பே அப்பா தன் வேட்டி சட்டைகளை நடு அறைக்கு மாற்றிவிட்டார். அடுத்து அவள் உண்டானாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் தொட்டில் எங்கே போடுவது என்று பேச்சு வந்தது. அதற்குச் சில நாள் முன்புதான், அதே மேசையில், அந்த விடுதிக் கதையை நான் ரசித்துச் சொல்லியிருந்தேன். தம்பி அதைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா சொன்ன ஹோட்டல் மாதிரிதான். எல்லாரும் ஒரு ரூம் தள்ளிக்கிட்டா முடிஞ்சுது. சிம்பிள்."

"நீ எந்த ரூமுக்குத் தள்ளப் போற?" என்றேன்.

"நாங்க எப்படிக்கா? அட்டாச்டு பாத்ரூம் வேணும்ல, இவளுக்கு."

"அப்ப எல்லாரும்னா யாரு?"

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பா ரசத்தைக் கலக்கிக்கொண்டே, "நான் தள்ளிக்கிறேன்ப்பா, எனக்கென்ன" என்றார். என் சின்ன அறையை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். நான் ஹாலில் படுத்துக்கொள்கிறேன் என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்த பார்வையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. "பொம்பளப் புள்ள ஹால்ல படுக்கறதா? போறவன் வர்றவன்லாம் பாப்பான்." நாற்பதைத் தாண்டிய பொம்பளைப் பிள்ளை நான். நடு அறையைத் தொட்டிலுக்கு விட்டுவிட்டு அவர் ஹால் சோபாவுக்கு வந்தார்.

அன்றைக்கு அந்தக் கதையில் இருந்த முதல் பொய் எனக்குப் பிடிபட்டது. விடுதியில் ஆளுக்கு ஓர் அறைதான் தள்ளிக்கொள்கிறார்கள். சிரமம் எல்லாருக்கும் ஒரே அளவு. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. வீட்டில் அப்படி நடப்பதில்லை. எல்லாரும் இருந்த இடத்தில் இருப்பார்கள், ஒரே ஓர் ஆள் எல்லா அறையும் தள்ளிக்கொள்வார். எந்த ஆள் என்று சீட்டுப் போட்டுப் பார்ப்பதில்லை. முகம் சுளிக்காதவர் எவரோ அவர்தான்.

என் தம்பி கெட்டவன் இல்லை. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவன் நல்லவன். அப்பாவுக்கு வாரம் தவறாமல் மாத்திரை வாங்கி வருவான், தீபாவளிக்குப் பட்டு வேட்டி எடுப்பான், வேட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கும் அப்பாவைப் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்புவான். அந்தப் படங்களில் பின்னால் சோபா தெரியாதபடி பார்த்துக்கொள்வான்.

குழந்தை பிறந்ததும் பெண்ணைப் பெற்றவர்கள் திருச்சியிலிருந்து வந்தார்கள். சம்பந்தி என்றால் சும்மாவா? நடு அறை அவர்களுக்கு. தொட்டில் பெரிய அறைக்குப் போயிற்று. அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் காலையில் சம்பந்தியம்மாள் காப்பி போட வரும்போது ஹாலில் அப்பா கைலியோடு படுத்திருப்பார். அந்த அம்மாள் பாவம், முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரோரமாக நடப்பார். சம்பந்திக்கு முன்னால் இப்படிக் கிடப்பதை அப்பாவால் தாங்க முடியவில்லை. யாரும் சொல்லவில்லை. அவரே தலையணையை எடுத்துக்கொண்டு ஷெல்டருக்குள் போனார். சூட்கேசுகளை ஒரு பக்கம் அடுக்கி, மடக்குக் கட்டிலைப் போட்டுக்கொண்டார். "ரெண்டு வாரம்தானே, அவங்க போற வரைக்கும்" என்றார். அம்மாவின் படத்தை மாட்டப் பார்த்தார். அந்தச் சுவரில் ஆணி அடிக்கக்கூடாதாம், சட்டம். அரிசி டின் மேல் சாய்த்துவைத்தார்.

நான் கத்தினேன். இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. சம்பந்திகள் காதில் விழட்டும் என்றே கத்தினேன். அப்பா என் வாயைப் பொத்தாத குறைதான். "மானத்தை வாங்காதம்மா. உள்ள நல்லா ஜில்லுனு இருக்கு." ஜன்னல் இல்லாத அறையில் என்ன ஜில்?

சம்பந்திகள் போனார்கள். அவர்கள் போன வாரமே குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு வேலைக்காரப் பெண் வந்தாள். அவளை ஷெல்டரில் படுக்கவைக்கலாமா என்று தம்பி ஏஜென்டிடம் கேட்டான். கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன். ஏஜென்ட் பதறிவிட்டார். ஜன்னல் இல்லாத இடத்தில் பணிப்பெண்ணைப் படுக்கவைத்தால் பிரச்சினையாகிவிடும் சார், அப்படியெல்லாம் செய்யாதீர்கள் என்றார். அதனால் நடு அறை அவளுக்கும் குழந்தைக்கும் போயிற்று. அப்பா ஷெல்டரிலேயே இருந்தார். பணிப்பெண்ணுக்காகக் கேள்வி கேட்க ஆள் உண்டு. அப்பாவைப் போட்டுவைத்தால் கேட்பதற்கு ஒரு நாதி கிடையாது. அந்தப் பெண்தான் கூச்சப்பட்டாள். தினமும் ஷெல்டர் வாசலில் நின்று, "சாரி அங்கிள்" என்பாள். வீட்டில் வேறு யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

"விருந்தாளிங்க வர்றப்ப மட்டும் கதவை லேசா சாத்திக்குங்க மாமா," என்றாள் தம்பி மனைவி ஒருமுறை. மரியாதையாகத்தான் சொன்னாள்.

என்னிடம் ஒரு திட்டம் இருந்தது. நான் ஏற்கெனவே தெங்காவில் அரசாங்கம் கட்டும் புதுக் குடியிருப்பில் ஓர் இரண்டறை வீட்டுக்குப் பதிவுசெய்திருந்தேன். என்னைப்போல் தனியாக நிற்பவர்களுக்கு அவ்வளவுதான் கிடைக்கும்: ஒரு படுக்கையறை, ஒரு ஹால். கட்டிக்கொண்டிருந்தார்கள். ஷெல்டர் வாசலில் உட்கார்ந்து அப்பாவிடம் சொன்னேன்.

"சாவி வந்ததும் அந்த ரூம் உங்களுக்கு. நான் ஹால்ல. அது என் வீடு, எவன் பாக்கறதுக்கும் இல்ல. யார் வந்தாலும் உங்களைத் தள்ளிக்கச் சொல்லமாட்டேன்பா."

"ஜன்னல் இருக்கா?"

"இருக்கு. பஸ் ஸ்டாப் தெரியும்னு பிளான்ல போட்டிருக்கான்."

அப்பா சிரித்தார். "வரட்டும், வரட்டும்" என்றார்.

அந்தச் சாவிதான் என் உயிராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தெங்காவுக்குப் போய், தகரத் தடுப்புக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்ப்பேன். கட்டடம் வளர்வதாகவே தெரியாது. வேலை தாமதமாகிறது என்று செய்தி வரும், பிறகு இன்னொரு தாமதம். கணக்கில் இதற்கும் ஒரு கதை உண்டு. ஓடுகிறவன் முதலில் பாதி தூரம் கடக்க வேண்டும், மிச்சத்தில் பாதி, அந்த மிச்சத்தில் பாதி. இப்படியே போனால் அவன் போய்ச் சேரவே முடியாது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு, பயப்படாதீர்கள், நிஜத்தில் போய்ச் சேர்ந்துவிடுவான் என்று நிரூபித்துக் காட்டுவேன். நிரூபணத்தில் தப்பு இல்லை. போய்ச் சேரும்போது அங்கே காத்திருந்தவர் இருப்பாரா என்பதை மட்டும் அது சொல்வதில்லை.

இந்தக் கற்பனைகள் நிஜ உலகத்துக்குப் பொருந்துமா என்று படித்தவர்கள் நாசூக்காக விவாதிப்பார்கள். எனக்கு நாசூக்கு வராது. பொருந்தாது. அறைகள் தீர்ந்துபோகும் என்பது ஒரு காரணம்தான், அதைக் கடைசி பெஞ்சுப் பெண்ணே கண்டுபிடித்துவிட்டாள். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். அந்த விடுதியில் பெட்டி தூக்குகிறவனுக்குக் கை வலிக்காது. ஆயிரம் முறை அறை மாறினாலும் ஆள் அதே ஆளாக இருப்பான். எந்த மேலாளரும், "ஐயா, உங்களுக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டதா?" என்று கேட்க வேண்டியதில்லை. மனுஷனை வெறும் எண்ணாக்கிவிட்டால் எத்தனை பேரை வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் தள்ளலாம். துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் போகும் லாரிகளின் பின்னால் கூலியாட்கள் ஒருவர் முழங்காலில் ஒருவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம், அந்த விடுதி மேலாளர் இந்த ஊரில்தான் எங்கோ நல்ல சம்பளத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

ஒரு விடிகாலையில் அப்பா ஷெல்டர் இருட்டில் சூட்கேஸ் தடுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. ஆஸ்பத்திரி, அறுவை சிகிச்சை, பிறகு சக்கர நாற்காலி. தம்பி ஷெல்டர் கதவுக்கு முன்னால் நாற்காலியை வைத்து, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். கட்டில் கிடக்கும் இடத்தில் நாற்காலி திரும்பவில்லை. "உள்ள போகாதுக்கா" என்றான். அப்பாவை வேறோர் அறையில் வைக்கலாம் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. நான் சொன்னேன். என் சின்ன அறைக்குள்ளும் நாற்காலி நுழைந்தால் கட்டில் போட முடியாது, பெரிய அறையைத் தவிர வழி இல்லை என்று அளந்தே காட்டினேன். தம்பி மனைவி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். "கொஞ்ச நாளைக்கு மட்டும்கா," என்று தம்பி முதியோர் இல்லத்துக்கு எழுதிக்கொடுத்தான்.

இல்லத்தில் எட்டுக் கட்டில் போட்ட ஒரு கூடம். அப்பாவுக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைத்தது. கீழே சாலை, மரம், ஒரு பஸ் நிறுத்தம். நான் போகும்போதெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். கீழே பஸ் வந்து நின்றால் ஓட்டுநரைக் குறை சொல்வார். அவர் அழவில்லை, யாரையும் திட்டவும் இல்லை. ஒரு நாள் அங்கே இருந்த தமிழ் நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"உங்கப்பா பெரிய ஆளுதான்க்கா. புதுசா வந்தவருக்கு ஜன்னல் வேணும்னு அவங்க வீட்ல கேட்டாங்க. கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா அங்கிள்னு கேட்டேன். ஃபுல்லுன்னு ஒரே வார்த்தை. போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டார்."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். என் அப்பா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதுவரை கேட்டதில்லை.

கடைசியில் சாவி வந்தது. முதல் காரியமாக அந்தப் படுக்கையறைக்கு ஒரு கட்டில், மெத்தை வாங்கிப் போட்டேன். நாற்காலி நுழைகிறதா என்று கதவை அளந்தேன், நுழையும். ஜன்னலைத் திறந்தால் பஸ் நிறுத்தம் தெரிந்தது. அம்மா படத்துக்கு ஆணி அடித்தேன். அந்த வீட்டிலும் ஷெல்டர் உண்டு, அதில் செருப்பு வைத்தேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு இல்லத்துக்கு ஓடினேன்.

"வாங்கப்பா, போலாம்" என்று சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வீட்டைப் பற்றி எல்லாம் கேட்டுக்கொண்டார். எத்தனையாவது மாடி, காற்று வருமா, எந்த பஸ் போகிறது. பிறகு சாவியை என் கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டார்.

"நான் வரலம்மா."

"ஏன்? ஊருக்குப் பயந்துக்கிட்டா? தம்பி என்ன நினைப்பான்னா?"

"அவனுக்கென்ன. இனிமே என்னால ஒரு எடம் மாற முடியாது. அவ்வளவுதான்."

"இதுதான் கடைசிப்பா. இதுக்கு மேல மாறவே வேணாம்."

"ஒவ்வொரு தடவையும் அப்படித்தானேம்மா சொன்னாங்க." குரலில் கோபம் இல்லை. "பஸ்ஸுல எழுதிருக்கும் பாத்திருக்கியா? உக்கார்றவங்க இத்தனை பேர், நிக்கிறவங்க இத்தனை பேர்னு. கண்ணுக்கு நேராத்தான் இருந்துச்சு. நான் ஒரு நாளும் மதிச்சதில்ல. அது விளையாட்டுக்கு எழுதல. இங்க ஒரு கட்டில்னா ஒரு ஆளு, சட்டம். யாரும் வந்து தள்ளுன்னு சொல்ல முடியாது. சொன்னாலும் நான் தள்ளமாட்டேன்."

"நான் உங்க மகப்பா. உங்களுக்காகத்தான் இத்தனை நாள் காத்துக்கிட்டு இருந்தேன்."

"தெரியும்மா." கீழே நிறுத்தத்தில் ஒரு பஸ் வந்து நின்றது. அது கிளம்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். "வண்டி நெறஞ்சிடுச்சு. நீ அடுத்த பஸ்ஸுல வா."

நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டார். அப்பா என் தலையைத் தடவினார், ஆனால் தன் பேச்சை மாற்றவில்லை. மழையில் ஒருத்தரையும் விட்டுவிட்டுப் போகாதவர் என்னை விட்டுவிட்டுப் போனார். அவர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. அவரை அந்த ஒரு வார்த்தைக்குக் கொண்டுவந்து விட்டவர்கள்மேல் இருக்கும் கோபம் எப்போதும் தீராது.

இப்போதும் வாரா வாரம் போய்ப் பார்க்கிறேன். விடுதிக் கதையை வகுப்பில் சொல்வதை விட்டுவிட்டேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டால் விடட்டும்.

போன மாதம் தம்பி போன் செய்தான். இரண்டாவது குழந்தை வரப்போகிறது, சம்பந்திகள் மறுபடி திருச்சியிலிருந்து வருகிறார்களாம். நான் விட்டுவந்த சின்ன அறைக்குப் பணிப்பெண் போய்விட்டாள், நடு அறை பிள்ளைகளுக்கு. அவர்கள் வீட்டு ஷெல்டரில் இப்போது தொட்டிலும் தள்ளுவண்டியும் இருக்கின்றன. அவன் தயங்கித் தயங்கித்தான் கேட்டான்.

"அக்கா, உன் வீட்ல ஒரு ரூம் சும்மாதானே இருக்கு? அப்பாதான் வரலையே. ரெண்டு வாரத்துக்கு அவங்க அங்க தங்கிக்கட்டுமா? நீ எப்படியும் ஹால்லதானே படுக்கற."

போனைக் காதில் வைத்தபடி எழுந்து போய் அந்த அறைக் கதவைத் திறந்தேன். ஜன்னலுக்குக் கீழே பஸ் நிறுத்தத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். சுவரில் அம்மா. கட்டிலில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மெத்தை.

"இல்லடா," என்றேன். "ஃபுல்."